கிளை: தோப்பும்படி

அக்கா என் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். வாசலுக்கு முதுகைக் காட்டித் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "டீ" என்று ஒரு குரல். ஐந்து வருஷமாகப் போனில் மட்டும் கேட்ட குரல். திரும்பினேன். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, தோளில் கைப்பை, காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. இடது காதின் மடல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கம்மல் இல்லை.

"கதவச் சாத்து," என்றாள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் எதிர்வீட்டுக்காரி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்பாள். அன்றைக்குச் சாத்தினேன்.

நாங்கள் எறணாகுளம் பக்கம் தமிழர்கள் கூடிவாழ்ந்த ஒரு காலனியில் பிறந்தவர்கள். அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவுப் பணியாளர். அக்காவைத் தென்காசிப் பக்கத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். கட்டட வேலையில் சூப்பர்வைசர். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் என்பதால் அங்கேயே வீடெடுத்துத் தங்கினார்கள். நான் மட்டாஞ்சேரிக்காரர் ஒருவரை, ஆட்டோ ஓட்டுகிறவரை, வேறு மதத்துக்காரரை, வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டேன். அண்ணன் தனக்கு ஒரு தங்கச்சிதான் என்று சொல்லிவிட்டான். அத்தான் இன்னும் ஒரு படி மேலே போய் என்னோடு பேசவே மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினார். அவள் சத்தியத்தை மீறி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூத்திலிருந்து எங்கள் சந்துமுனை மளிகைக் கடைக்குப் போன் செய்வாள். நான் ஓடிப்போய்ப் பேசுவேன். என் வீடு எங்கே என்று அந்தக் குடும்பத்தில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. என்னை ஒதுக்கி வைத்ததனால்தான் அவள் ஒளிய ஓர் இடம் இருந்தது.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்தார். அவளைப் பார்த்தார். காதைப் பார்த்தார். "சேச்சி இவிடெ நிக்கட்டெ. ஆரோடும் பறயண்டா," என்று என்னிடம் சொன்னார். அக்கா இங்கேயே இருக்கட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காதுக்குத் தையல் போட்டு வந்தோம். மறுநாள் காலையில் அவர் சவாரிக்குப் போகும் முன் கதவில் இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் அடித்தார்.

முதல் மூன்று வாரம் அக்கா ஜன்னல் பக்கம் வரவில்லை. சந்தில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். சத்தம் கடந்து போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவாள்.

"இந்த வழியா பத்து பைக்கு போவும்க்கா. எல்லாத்துக்கும் போயி நிப்பியா?"

"அவரு பைக்குல செயின் அடிக்கும். டக்டக்னு. லூசா இருக்கு, டைட்டு பண்ணச் சொல்லிச் சொல்லியும் கேக்கல."

அதற்குப் பிறகு நானும் கேட்க ஆரம்பித்தேன். நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத செயின் சத்தத்துக்காக, மெஷினின் மிதியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று வாரம் முடியும்போது ஒருநாள் அவள் கைப்பையைப் பாயில் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, மாத்திரை, சில்லறை, ஒரு நீலப் பிளாஸ்டிக் அட்டை. அட்டையைத் துடைத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த மாசத்துக்குள்ள ஏதாச்சும் வாங்கலேன்னா புள்ளியெல்லாம் போயிரும் டீ."

வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து நாளைக்கு என்பதைப் பற்றி வந்த முதல் பேச்சு அது.

எறணாகுளத்தில் அப்போதுதான் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கிளை கிளையாகத் திறந்துகொண்டிருந்தன. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. அவள் வாங்குகிற கடைக்குக் காக்கநாட்டில் ஒரு கிளை, எங்களுக்கு இப்புறம் தோப்பும்படியில் ஒரு கிளை. எங்கே வாங்கினாலும் புள்ளி ஒரே கணக்கில் சேரும். அட்டை அத்தான் பேரில் எடுத்தது. அவரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. மாதச் சாமான் வாங்கப் போவதுதான் அவளால் தனியாகப் போக முடிந்த ஒரே இடம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏசியில் ஒன்றரை மணி நேரம் நடந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்து, எது இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம், எதற்கு அட்டைக்காரர்களுக்கு மட்டும் குறைப்பு என்று அத்தனையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே பஜார். மொத்தக் கடைகளில் பருப்பும் மிளகாயும் அள்ளிப் போட்டுத் தருவார்கள்.

"ஒரு புள்ளிக்கு எத்தன?" என்றேன்.

"நூறு ரூவாய்க்கு வாங்கினா ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு அம்பது பைசா."

"நூறு ரூவாய்க்கு அம்பது பைசாவா? பஜார்ல பருப்பு கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறவு. ஆட்டோ கூலி வேற."

"ஆட்டோ நம்ம ஆட்டோ தானே. தேங்காயெண்ணெய்க்கு கார்டு காமிச்சா பன்னெண்டு ரூவா கொறப்பான். அது வேற, புள்ளி வேற. ரெண்டயும் போட்டுக் குழப்பாத."

எண்ணெயிலும் சோப்பிலும் அவள் சொன்னது சரி. அரிசியிலும் பருப்பிலும் நான் சொன்னது சரி. குறைப்பு கிடைக்கிறதே என்று எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு மணக்கத் தெளிக்கிற ஒரு ஸ்பிரே டப்பாவும் அவள் வாங்கினாள், அதையும் சேர்த்தால் எங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அதற்காகத்தான் அவள் தாழ்ப்பாளைத் தானே திறந்து வெளியே வந்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ஆட்டோவின் பின்சீட்டில் எனக்கும் சீட்டின் மூலைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். கடைக்குள் போனதும் முந்தானையை எடுத்துவிட்டாள். அலமாரிகளுக்கு நடுவில் அவள் நடப்பதைப் பார்த்தபோது, அந்த அட்டையால் எவ்வளவு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் ஆறு தடவை போனோம். ஒரு தடவை அரிசி மூட்டையும் சேர்த்து வாங்கியதால் கடைக்காரர்களே வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். உதவி மேசையில் இருந்த பெண் ஒரு தடிப் புத்தகத்தில் எங்கள் சந்து, வீட்டு அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டாள்.

ஆறாவது தடவை, பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். தபாலில் வந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தாளின் அடியில் இருந்த இருபத்தைந்து ரூபாய்க் கூப்பனைப் பில் போடுகிற பெண் கிழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது. என்னிடம் நீட்டி, இன்னும் எத்தனை புள்ளி இருக்கிறது, பார்த்துச் சொல்லு மோளே என்றார். பார்த்தேன். கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. தேதி. தொகை. புள்ளி. நாலாவது கட்டத்துக்கு மேலே கிளை என்று போட்டு, அதன் கீழே வரிசையாகத் தோப்பும்படி, தோப்பும்படி, தோப்பும்படி.

புள்ளியைச் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது எல்லார்க்கும் வருமோ?" என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அட்டை உள்ள எல்லோருடைய வீட்டுக்கும் வரும் என்றாள்.

அக்கா என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். முழங்கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் கூட்டிப்போனேன்.

"அந்தத் தபால நீ பாத்ததே இல்லையா?"

"தபால் எல்லாம் அவருதான் பிரிப்பாரு." சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "ஒரு தடவ கேட்டாரு. பதினாலாம் தேதி பகல்ல எதுக்குடி கடைக்குப் போனே, யாரப் பாக்கப் போனேன்னு. நான் சொல்லவே இல்ல, எப்படித் தெரியும்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல யாரோ சொல்லிருக்காங்கன்னு அவங்களோட பேசறதயே விட்டுட்டேன்."

உதவி மேசைக்குப் போனோம். விலாசம் எழுதிக்கொண்ட அதே பெண்தான் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நெற்றியில் சந்தனக் கீற்று. அட்டையின் விலாசத்தை மாற்ற வேண்டும் என்றேன். எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். அட்டை யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அவர் வர முடியாது என்றேன்.

"அதினெந்தா, ஞான் விளிச்சு சோதிக்காம்," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து, திரையைப் பார்த்து எண்ணை அழுத்த ஆரம்பித்தாள். அத்தானைத்தான் கூப்பிட்டுக் கேட்கப் போகிறாள்.

என் கை என்னைக் கேட்காமல் போய்ப் போனின் மேல் விழுந்தது. அந்தப் பெண் அதிர்ந்து என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற காவலாளி ஓரடி முன்னே வந்தார். அப்போது அக்கா தலைமுடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

அந்தப் பெண் ரிசீவரை வைத்துவிட்டாள். காவலாளியிடம் ஒன்றுமில்லை என்று கையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: விலாசத்தைத் தன்னால் மாற்ற முடியாது. தபால் இங்கிருந்து போவதில்லை, தலைமை ஆபீசிலிருந்து போகிறது. இந்தத் தடவைக்குப் போன வாரமே அனுப்பிவிட்டார்கள்.

"கிட்டியிட்டுண்டாவும், சேச்சி," என்றாள். கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு அரிசி அனுப்ப எங்கள் விலாசத்தை எழுதிய புத்தகம் எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டேன். பக்கங்களுக்கு நம்பர் போட்டிருக்கிறது, கிழித்தால் தெரியும் என்றாள். ஏதாவது தெரிந்தால் சொல்வதாகச் சொல்லிச் சந்துமுனைக் கடையின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிந்தைய நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கிளையின் பெயர்தானே தெரியும், வீடு தெரியாதே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். தோப்பும்படி சந்திப்பிலிருந்து சுள்ளிக்கல்லுக்கும் போகலாம், பள்ளுருத்திக்கும் போகலாம், எத்தனை தெரு இருக்கிறது. ஆனால் அவர் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை. அந்தக் கடை வாசலில் நின்றால் போதும். என் வீட்டுக்காரர் சவாரி இல்லாத நேரமெல்லாம் ஆட்டோவை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு பார்த்தார். அத்தானை அவர் நேரில் கண்டதில்லை. நான் அடையாளம் சொல்லி அனுப்பினேன்: நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம்.

நான் ஒரே ரவிக்கையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள், இவள் ஏன் என் வீட்டுக்கு வந்தாள், நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தேனே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அக்கா தலை குனிந்து எனக்காகக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். இதை இன்று வரை அவளிடம் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, சந்துமுனைக் கடைக்காரர் எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். ஓடினேன்.

"சேச்சி, ஆளு வந்நு," என்றது அந்தப் பெண்ணின் குரல்.

தபாலில் வந்த தாளை அத்தான் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தாராம். தன் அட்டையைக் காட்டினாராம். மனைவிக்குப் புத்தி சுவாதீனமில்லை, வீட்டை விட்டுப் போய்விட்டாள், இங்கே வந்து சாமான் வாங்குகிறாள் என்று இதில் போட்டிருக்கிறது, அவள் விலாசம் எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டாராம். கேட்கும்போது அழுதாராம். காதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானே புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன் சேச்சி என்றாள். புத்தகம் மேனேஜரிடம் இருக்கிறது, மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"மேனேஜர் லீவா?"

"அல்ல. அகத்துண்டு." உள்ளேதான் இருக்கிறார்.

போகும்போது அத்தான் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினாராம். பில் போடும் இடத்தில் அட்டையைக் கொடுத்து அதற்கும் புள்ளி ஏற்றச் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் சொன்னேன். அழுதார் என்பதையும் சொன்னேன். என்ன பிஸ்கட் வாங்கினார் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏன் அதைக் கேட்டாள் என்றும் தெரியவில்லை.

"நாளைக்கே எங்கயாச்சும் போயிருவோம். தமிழ்நாட்டுப் பக்கம், ஏதாச்சும் ஹாஸ்டல்ல," என்றேன்.

"எங்க போனாலும் அரிசி வாங்கணும்ல," என்றாள். அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "என்னய போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அதுவரை நாங்கள் யாரும் போனதில்லை. சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் போலீஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். குடும்ப விஷயம்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று அதிகாரி கேட்டார். அக்கா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான மலையாளத்தில், எந்த மாதம் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கே தெரியாதவை அதில் இருந்தன. அதிகாரி எழுதுவதை ஒரு இடத்தில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரும்படி அத்தானிடம் சொன்னார்.

அவர் பத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீதானா," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசாத மனிதரைப் பார்த்து அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி கேட்டதற்கெல்லாம் தணிவாகப் பதில் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து மேசையில் வைத்தார்.

"பாருங்க சார், ரெண்டு மாசத்துல அஞ்சு தடவ ஷாப்பிங். அடிபட்டு உயிருக்குப் பயந்து ஓடினவ இப்படியா கடை கடையாப் போவா?"

பெண் போலீஸ் தாளை எடுத்துப் படித்தார். மேலே காக்கநாடு என்று இருந்த வரிகளின் ஓரத்தில் பேனாவால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள் போட்டிருந்தன. அவள் அவரோடு இருந்த நாட்களின் வரிகள் அவை; குறிகள் அவர் போட்டவை.

"இது எந்தா?" என்று கேட்டார்.

அத்தான் தாளை வாங்கக் கையை நீட்டினார்; பெண் போலீஸ் அதை மேசையிலேயே வைத்தார். அக்கா தன் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தாள். இனி அவளைத் தேடியோ தொந்தரவு செய்தோ வரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினார்கள். வெளியே அவர் பைக்கைக் கிளப்பியபோது செயின் அடித்தது, டக்டக் என்று. அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது.

எழுதிக் கொடுத்ததனால் பயம் போய்விடவில்லை. புகாரில் எங்கள் விலாசம் இருந்தது. இரண்டு தடவை அவர் எங்கள் சந்துமுனைக்கு வந்து ஒரு சோடா குடித்துவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். யாரையும் கேட்கவில்லையாம், வெறுமனே குடித்துவிட்டுப் போனாராம். ஒரு வருஷம் இரண்டு தாழ்ப்பாளும் போட்டே இருந்தோம். குடும்பக் கோர்ட்டில் கேஸ் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் விவாகரத்துக் கொடுத்தார்கள். அவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று, அதற்குள் எங்களோடு பேச ஆரம்பித்திருந்த அம்மா மூலமாகத் தெரிந்தது. அன்றைக்கு அக்கா மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். இப்போது அவள் பள்ளுருத்தியில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். தனியாக வீடெடுத்து இருக்கிறாள். சாமான் எல்லாம் பஜாரில்தான். எண்ணெய்க்கு மட்டும் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுவாள்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போய் வந்து ஒரு மாதம் இருந்திருக்கும். அந்த உதவி மேசைப் பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒரு கிலோ உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், வாங்கிக்கொண்டு தோப்பும்படி போனேன். மேசையில் வேறு ஒரு பெண் இருந்தாள். முன்பு இருந்தவள் இப்போது வருவதில்லை என்றாள். அவளாக நின்றாளா, நிறுத்தினார்களா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, மேனேஜர் உள்ளே இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்றாள்.

அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மேனேஜர் அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே போனால் நான் யார், அவளை எதற்குத் தேடுகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒருவேளை அவள் வேலையில்தான் இருந்து, வேறு கிளைக்கு மாறியிருந்தால், நான் சொல்வதாலேயே எங்களுக்காகப் பொய் சொன்னது தெரிந்து மாட்டிக்கொள்வாள் என்று தோன்றியது. அது உண்மையான காரணமா, இல்லை எனக்குப் பயமா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.